கடைவீட்டுக் கூரைக்கு என்ன வயது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், 24 ஆண்டுகளாகக் கூரை வேலை செய்கிறேன். சுற்றுவட்டத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் இருந்த நம் குடும்பங்கள் பல பட்டணத்துக்கு வந்து மளிகை, சாப்பாட்டுக் கடை, பூக்கடை, தையல் கடை என்று வைத்துப் பிழைக்கின்றன. அவர்களில் வாடகைக்கு இருந்தவர்கள் இப்போது கடையை விலைக்கே வாங்கப் பார்க்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பு அதில் போகிறது. அப்போது என்னைக் கூப்பிட்டு அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள மூடிய நடைபாதையில்) நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இந்தக் கூரைக்கு என்ன வயசு இருக்கும்?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டடம் கட்டிய ஆண்டு தெரிந்தால் கூரையின் வயதும் தெரிந்துவிடாதா?

தெரியாது. கட்டடத்துக்கு ஒரே வயது என்பதே கிடையாது. சுவருக்கு ஒரு வயது, கைமரத்துக்கு ஒரு வயது, அதன்மேல் போட்ட தகட்டுக்கு ஒன்று, தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவுக்கு இன்னொன்று. மழைநீர்ப் பீலியை யாராவது நடுவில் மாற்றியிருப்பார்கள். ஒழுகுவது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில் மிகப் பலவீனமானது எதுவோ அங்கேதான்.

பழைய கடைவரிசைகளில் முகப்பின் உச்சியில் சிமெண்டுப் பூவேலைக்கு நடுவே ஆண்டு பொறித்திருக்கும். அது முகப்புச் சுவருக்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் பின்கட்டுச் சமையலறையைப் பிறகு நீட்டியிருப்பார்கள், நடுமுற்றத்தை மூடியிருப்பார்கள், மாடித் தளத்தை மாற்றியிருப்பார்கள். முன்னால் 1930களின் சுவர், பின்னால் 1990களின் தகரம் என்று ஒரே கதவு எண்ணில் இரண்டு கட்டடம் இருப்பது இங்கே சாதாரணம். அதனால் நான் எப்போதும் முன்கூரை, நடுக்கூரை, பின்கூரை என்று மூன்றாகப் பிரித்துத்தான் பார்ப்பேன்.

எந்தக் காகிதங்களைத் தேட வேண்டும்?

முதலில் குடியேறத் தகுதிச் சான்றிதழ். 2007 ஏப்ரல் 12இல் இந்த முறை மாறியது. அதற்கு முன் ஊராட்சி மன்றம் கொடுத்த சான்றிதழைச் 'சிஎஃப்' என்பார்கள். அதற்குப் பிறகு கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்திட்டுத் தருவது 'சிசிசி'. கையில் இருப்பது எது என்று பார்த்தாலே கட்டடம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் கட்டட வரைபடம். அதில் அளவுகள் அடி, அங்குலத்தில் இருக்கின்றனவா, மில்லிமீட்டரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலேசியா 1972 எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மெட்ரிக் முறைக்கு மாறியது. அடிக்கணக்கில் வரைந்த படம் என்றால் பெரும்பாலும் அந்த மாற்றம் முடிவதற்கு முந்தியது. மரத்தை வைத்து இதே கணக்கைப் போடாதீர்கள். மரக்கடையில் இன்றைக்கும் நாலுக்கு ரெண்டு என்று அங்குலத்தில்தான் கேட்கிறோம்.

நம் ஊருக்கு மட்டும் ஓர் அனுகூலம் உண்டு. ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய ரசீது, கூரைக்காரர் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல், விளம்பரப் பலகை எதிலாவது முகவரி பத்தாங் பெர்ஜுந்தை என்று இருந்தால் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பழக்கத்தில் பழைய பெயரையே எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கூரையை மாற்ற, பின்கட்டை நீட்ட அனுமதி கேட்டிருந்தால் நகராண்மைக் கழகத்தில் கோப்பு இருக்கும். உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். அனுமதியே இல்லாமல் செய்த வேலைகளும் நிறைய. கோப்பு இல்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

ஏணி வைக்காமலே என்ன கண்டுபிடிக்கலாம்?

நிறையக் கண்டுபிடிக்கலாம். கணினியில் கூகுள் எர்த் திறந்து, பழைய படங்களைக் காட்டும் கடிகாரச் சின்னத்தை அழுத்துங்கள். உங்கள் கடைவரிசையை ஆண்டு ஆண்டாகப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். ஒரு படத்தில் துருப்பிடித்த பழுப்பு நிறம், அடுத்த படத்தில் பளிச்சென்று நீலம் என்றால் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் தகடு மாறியிருக்கிறது. பணம் செலவில்லாத, பொய் சொல்லாத சாட்சி இது. 2000களுக்கு முந்திய தெளிவான படம் கிடைப்பது அரிது, அவ்வளவுதான்.

அடுத்து எதிர்ப்பக்க அஞ்சடியில் நின்று வரிசை முழுவதையும் பாருங்கள். பத்துக் கடையும் ஒரே நாளில் கட்டியவை. எட்டில் ஒரே மாதிரி ஓடு, இரண்டில் மட்டும் தகடு என்றால் அந்த எட்டும் மூலக்கூரையாக இருக்க வாய்ப்பு உண்டு. கூரை முகடு நேர்க்கோடாக இருக்கிறதா, நடுவில் கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொய்வு ஓட்டின் குற்றம் அல்ல. கீழே மரம் களைத்துவிட்டது.

காலை எட்டு மணி வெயில் சாய்ந்து விழும்போது பார்ப்பது நல்லது. உச்சி வெயிலில் எல்லாக் கூரையும் புதிதாகத்தான் தெரியும்.

ஓட்டுக் கூரை. ஓட்டில் ஏதோ எழுத்து இருக்கிறது. அது என்ன?

அது செய்தவரின் முத்திரை. ஓர் ஓட்டை உருவி, அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் இந்தச் சிவப்பு ஓட்டு முறைக்கு 1841இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்தோனி சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். பிறகு மார்செய் நகரத்துச் சூளைகளில் இருந்து கப்பல் கப்பலாக உலகம் முழுவதும் போனது. தேனீ உருவம் பொறித்த ஓடு கிடைத்தால் அது மார்செய் ஓடு.

நமக்கு இன்னும் நெருக்கமானது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறித்துவ மிஷன் 1865இல் மங்களூர் ஜெப்புவில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு அந்தத் தொழிற்சாலைகளைக் கையகப்படுத்த, பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் நடந்தன. ஆக, பாசல் மிஷன் பெயர் இருந்தால் அந்த மாற்றத்துக்கு முந்தியது, காமன்வெல்த் பெயர் இருந்தால் பிந்தியது என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஓட்டின் வயது கூரையின் வயது அல்ல. நல்ல ஓட்டை யாரும் வீசுவதில்லை. இடித்த தோட்டத்துப் பங்களாவில் இருந்து எடுத்து வந்து கடைக்குப் போட்டிருப்பார்கள். ஓடு நூறு ஆண்டு தாங்கும். அதைத் தாங்கும் ரீப்பர் சட்டம் நூறு ஆண்டு தாங்காது. ஓட்டைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் உயிர் இருக்கிறது. மந்தமாகச் சத்தம் வந்தால் நீர் குடித்திருக்கிறது, அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது.

தகட்டுக் கூரையின் வயதை எப்படிக் கணிப்பது?

இங்கே பெரும்பாலான கடைகளில் இருப்பது தகடுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிறம் பூசாத தகடாக இருந்தால் மேற்பரப்பை உற்றுப் பாருங்கள். பழைய துத்தநாகத் தகரத்தில் பெரிய பெரிய பூவாய் ஒரு மினுக்கம் தெரியும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சில் அந்தப் பூ மிகச் சிறியது. இந்தக் கலவையில் 55 விழுக்காடு அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கன். இது 1972இல் அமெரிக்காவிலும் 1976இல் ஆஸ்திரேலியாவிலும் விற்பனைக்கு வந்தது. ஆக, இந்தப் பூச்சு உள்ள தகட்டை "சுதந்திர காலத்துக் கூரை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

நிறம் பூசிய தகடாக இருந்தால் விரலால் தேயுங்கள். விரலில் சுண்ணாம்பு போல மாவு ஒட்டினால் பூச்சு வெயிலில் வெந்துபோய்விட்டது. ஒரே தகட்டில், அடுத்த தகடு மேலே மூடியிருக்கும் இடத்தையும் திறந்த இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு நிறம் போயிருக்கிறது என்று தெரியும். தகட்டின் அடிப்பக்கத்தில் தயாரிப்பாளர் பெயரும் தடிமனும் மையில் அச்சடித்திருப்பார்கள், சிலவற்றில் உற்பத்திக் குறியீடும் இருக்கும். சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி, டார்ச் அடித்துத் தேடுங்கள். படம் எடுத்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பினால் எந்தக் காலத்துத் தகடு என்று சொல்லக்கூடும்.

இப்போது நான் மிக நம்பும் சாட்சிக்கு வருகிறேன்: ஓட்டைகள். தகட்டுக்குக் கீழே குறுக்கே போகும் மரச் சட்டத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சட்டத்தின் ஓரத்தில் வளைந்த கொக்கி போல்ட் உரசிய தழும்பு இருந்தால் ஒரு காலத்தில் அலை அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்திருக்கிறது. கறுத்த, சுற்றிலும் துருக்கறை படிந்த ஆணி ஓட்டை இருந்தால் அதன்பிறகோ முன்போ தகரம் ஆணி அடித்து நின்றிருக்கிறது. சுத்தமான, மரத்தூள் இன்னும் வெளுப்பாக இருக்கும் துளையில் இன்றைய ஸ்க்ரூ. ஒரு முறை ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரே சட்டத்தில் இந்த மூன்றும் நான்கு விரல் இடைவெளிக்குள் இருந்தன. மூன்று கூரைகளைத் தாங்கிய மரம். கடைக்காரர் ஒரு கூரையைப் பற்றித்தான் கேட்டார், நான் அந்தச் சட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். கத்தி முனையை அழுத்தினேன், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். நம் வெயிலில் பத்து, பதினைந்து ஆண்டில் அது வெடித்து, சுருங்கி, நகத்தால் கிள்ளினால் தூளாகும். தகடு இன்னும் நன்றாக இருக்க, ஸ்க்ரூ வழியே நீர் இறங்குவதற்கு இதுதான் காரணம். புது ஸ்க்ரூ, பழைய தகடு என்று கலந்திருந்தால் யாரோ ஏற்கனவே ஒழுகலுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

விற்பவர் "கூரை போட்டு எட்டு வருஷம்தான்" என்கிறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். எதைப் போட்டு எட்டு வருஷம் என்று கேளுங்கள்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பம் மளிகைக் கடை வாங்கியது. எட்டு ஆண்டுக் கூரை என்ற வார்த்தை உண்மைதான், ரசீதும் இருந்தது. தகட்டுக்கு எட்டு ஆண்டு. அதன் கீழே இருந்த சட்டமும் சுவரோரப் பீலியும் முந்திய தலைமுறையைச் சேர்ந்தவை. புதுத் தகட்டைப் பழைய மரத்தில் முடுக்கியிருந்தார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம், வழக்கமான மாலை மழை. மாடியில் அரிசி மூட்டை, பருப்பு, முறுக்கு மாவு என்று சரக்கு குவிந்திருந்தது. சுவரோரப் பீலி அடியில் இற்றுப்போய், சீலிங் பலகை நீரோடு சரக்கின்மேல் இறங்கியது. அந்த அம்மா ஈர அரிசியைக் கையில் அள்ளியபடி நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சீலிங்குக்குள் தலையை விட்டிருந்தால் விலையில் பேசியிருக்கலாம். அந்த நாளில் இருந்துதான் நான் ஒரே வயது சொல்வதை விட்டுவிட்டுப் பகுதி பகுதியாக எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன்.

அதனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: தகடு எப்போது, சட்டம் எப்போது, பீலி எப்போது, முகடும் சுவரும் சேரும் இடத்துத் தகட்டு மடிப்பு எப்போது? நான்கு பதில் வந்தால் நல்லது. ஒரே பதில் வந்தால் மற்ற மூன்றும் பழையவை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

சாம்பல் நிற அலைத் தகடு. அஸ்பெஸ்டாஸா?

1990களுக்கு முந்திய கட்டடத்தில் சாம்பல் நிறச் சிமெண்டு அலைத் தகடு இருந்தால், இல்லை என்று நிரூபிக்கும் வரை அஸ்பெஸ்டாஸ் என்றே நடத்துங்கள். அஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்டுத் தகடும் பார்க்க அப்படியே இருக்கும். கண்ணால் பிரிக்க முடியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். மலேசியாவில் அஸ்பெஸ்டாஸ் வேலைகளுக்கென்று 1986இல் தனி விதிமுறை வந்தது. எல்லா வகை அஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

முழுசாக, உடையாமல், அசையாமல் இருக்கும் தகடு உடனே ஆபத்து இல்லை. அதை அறுப்பது, துளைப்பது, உடைப்பது, பாசி போக அழுத்த நீர் அடித்துக் கழுவுவது, இவைதான் நாரைக் காற்றில் விடுகின்றன. சாட்டிலைட் தட்டு மாட்ட ஒரு பையன் டிரில்லை எடுத்துக்கொண்டு ஏறினால் தயவுசெய்து இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பழைய சிமெண்டுத் தகட்டின்மேல் நடக்காதீர்கள். பாசி படிந்து கெட்டியாகத் தெரியும், காலை வைத்தால் முறுக்கு போல் உடையும். இரண்டு மாடி உயரத்தில் இருந்து கீழே சிமெண்டுத் தரை. வயது பார்க்க ஏறி உயிரை விட வேண்டாம். கழற்ற வேண்டுமென்றால் அதற்குப் பயிற்சி பெற்றவர்களை வைத்து, தொழில் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் வழிமுறைப்படி கழற்றுங்கள். உடைத்து மூட்டை கட்டிக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

எந்தக் கூரை எத்தனை ஆண்டு தாங்கும்?

நம் வெயிலுக்கும் மழைக்கும் நான் வைத்திருக்கும் கணக்கு இது, எங்கேயும் எழுதி வைத்த சட்டம் அல்ல. நல்ல சுட்ட ஓடு 50 ஆண்டு தாண்டும். சிமெண்டு ஓடு 40. அஸ்பெஸ்டாஸ் தகடும் ஏறக்குறைய அவ்வளவுதான். நிறம் பூசிய நல்ல தடிமன் தகடு 25இல் இருந்து 30. மெல்லிய மலிவுத் தகரம் 15ஐத் தாண்டினால் அதிர்ஷ்டம். பின்கட்டில் வெளிச்சத்துக்குப் போடும் பாலிகார்பனேட் தகடு பத்து ஆண்டில் மஞ்சளாகிச் சொரசொரக்கும். பிளாஸ்டிக் பீலியும் அதே அளவுதான். மூட்டுகளில் தடவும் சீலண்ட் ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

செம்பனை ஆலைக்கு அருகில் உள்ள கடை என்றால் இந்தக் கணக்கைக் குறையுங்கள். ஆலைக் கொதிகலனில் செம்பனைப் பழ நாரும் கொட்டையின் ஓடும் எரிந்து வரும் சாம்பல் காரத்தன்மை உள்ளது. அலுமினியம் கலந்த பூச்சுக்குக் காரம் ஆகாது. மழை கழுவிவிடும் சரிவான கூரையில் தொல்லை குறைவு. சாய்வு குறைந்த கூரையிலும் பீலியிலும் அது ஈரச் சேறாகத் தங்கி அரித்துவிடும். அந்த இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை பீலியை அள்ளிக் கழுவினால் சில ஆண்டுகள் கூடக் கிடைக்கும்.

மொட்டை மாடி, கான்கிரீட் கூரை?

கான்கிரீட்டைவிட அதன்மேல் ஒட்டிய நீர்த்தடுப்புப் படலத்தின் வயதுதான் கேள்வி. தார்ப் படலம் என்றால் 10, 15 ஆண்டு. ஓரங்கள் சுருண்டிருக்கிறதா, குமிழ் விட்டிருக்கிறதா பாருங்கள். கீழே சீலிங்கில் கம்பித் துரு பழுப்பாக இறங்கியிருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், கூரைக்காரரை அல்ல.

கூரையின் மரச் சட்டகத்தைப் பார்த்து வயது சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். கனமான கைமரம், உத்தரம் எல்லாம் வெட்டிப் பொருத்திப் பெரிய ஆணியும் போல்ட்டும் அடித்திருந்தால் பழைய தச்சர் வேலை. மரத் துண்டுகளின் சந்திப்பில் முள் முள்ளாக உள்ள இரும்புத் தட்டு அழுத்தியிருந்தால் தொழிற்சாலையில் செய்து வந்த சட்டகம். அந்தத் தட்டு முறை 1950களில் அமெரிக்காவில் பிறந்தது. இந்த வட்டாரத்தில் 1980க்கு முந்திய கடையில் நான் அதைப் பார்த்ததில்லை. மரம் லேசான பச்சை நிறமாக இருந்தால் பூச்சி மருந்து ஏற்றிய மரம். மெல்லிய இரும்புச் சட்டகம் என்றால் இன்னும் சமீபம்.

ஒயரிங், தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனம் இவற்றின் வயது?

மின்மானியின் முகத்தைப் பாருங்கள். எல்எல்என் (தேசிய மின்சார வாரியத்தின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம்) என்று இருந்தால் 1965க்கும் 1990க்கும் இடைப்பட்டது. 1949இல் தொடங்கிய மத்திய மின்சார வாரியம் 1965இல் தேசிய மின்சார வாரியமாகி, 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனல் ஆனது. மின்மானியை மாற்றியிருக்கலாம், ஆனால் அதைத் தாங்கும் பலகையும் பீங்கான் ஃபியூஸ்களும் அப்படியே இருந்தால் உள் ஒயரிங்கும் அந்தக் காலத்தது என்று பயப்பட வேண்டும். துணி சுற்றிய ரப்பர் ஒயரை எங்கே பார்த்தாலும், தொடாமல் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். கூரை ஒழுகலும் பழைய ஒயரும் சேர்ந்தால் தீ.

குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியில் வாயுவின் பெயர் இருக்கும். ஆர்-22 என்றால் பழைய தலைமுறை. ஆர்-32 என்றால் 2012க்கு முந்தியதாக இருக்க முடியாது, உலகில் முதல் ஆர்-32 இயந்திரமே அந்த ஆண்டுதான் வந்தது. வரிசை எண்ணில் பெரும்பாலும் ஆண்டு ஒளிந்திருக்கும், பழுதுபார்ப்பவரைக் கேட்டால் படித்துச் சொல்வார்.

கூரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை மறந்துவிடுகிறார்கள். நாகத்தகட்டுத் தொட்டி என்றால் அடிமூலையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்த தொட்டி ஒன்று ஒரு டன் எடைகூட இருக்கலாம். அது இற்ற மரத்தின்மேல் நிற்கிறதா என்பது தொட்டியின் வயதைவிடப் பெரிய விஷயம்.

மாடியில் முன்பு பறவைக்கூடு வளர்த்தார்களாம். பாதிக்குமா?

ஆமாம், நிறைய. உண்பதற்கு விற்கும் கூட்டைக் கட்டும் உழவாரன் குருவிக்காக இரவும் பகலும் ஈரப்புகை விட்டு, ஜன்னலை அடைத்து வைத்திருப்பார்கள். பத்து ஆண்டு அப்படி இருந்த மரமும் தகடும் வெளியே வெயில் பார்த்த மரத்தைவிட வேகமாக மூப்படையும். தகடு இங்கே உள்ளிருந்து துருப்பிடிக்கும், மேலே பார்த்தால் நன்றாகவே தெரியும். எச்சத்தைக் கூட்டும்போது முகமூடி அணியுங்கள்.

சரியான ஆண்டைச் சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஆனால் எல்லை கட்டலாம். ஒருமுறை சீலிங்குக்கும் சுவருக்கும் இடையிலான சந்தில், வௌவால் வராமல் இருக்க, செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். மெதுவாகப் பிரித்தேன். தமிழ் நேசன், கறையான் அரித்தது போக மீதி இருந்த மூலையில் 1974 என்ற எண். அந்தச் சீலிங்கை அடித்த பிறகுதான் அந்தத் தாளைத் திணித்திருக்க முடியும், அது அன்றைய தாளாக இருந்தால். ஆக, சீலிங் பெரும்பாலும் 1974க்குப் பிந்தியது அல்ல. சீலிங்குக்கு மேலே அகப்பட்டிருந்த அஸ்பெஸ்டாஸ் உடைசல்களோ சீலிங் அடித்த பிறகு விழுந்தவை. இப்படி ஒன்றுக்குக் கீழே இன்னொன்று என்று அடுக்கிப் பார்த்தால் முன்பின் தெரியும். சீனக் கடைவீடுகளில் முகட்டு உத்தரத்தில் சிவப்புத் துணியோடு காசு கட்டியிருப்பார்கள். அதில் மலேசியா என்று இருந்தால் 1967க்கு முன் இல்லை, நம் நாட்டுக் காசு அந்த ஆண்டுதான் வந்தது. அந்தக் காசைக் கழற்றாதீர்கள், படம் மட்டும் எடுங்கள்.

நான் எழுதிக் கொடுக்கும்போது "1968 முதல் 1975 வரை" என்று இடைவெளியாகத்தான் எழுதுவேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சாட்சிகள் ஒத்துப்போனால்தான் அந்த இடைவெளியைச் சுருக்குவேன். ஓர் ஓட்டு முத்திரை, ஒரு ரசீது, ஒரு கூகுள் படம் என்று.

வாடகைக்குத்தான் எடுக்கிறேன். எனக்கு இது எதற்கு?

சரக்கு உங்களுடையது, நனைவது நீங்கள். ஒப்பந்தத்தில் கூரை, பீலி, தொட்டி யார் பொறுப்பு என்று தனித்தனியாக எழுதுங்கள். "பழுதுபார்ப்பு வாடகைதாரர்" என்று ஒரே வரி இருந்தால் 40 ஆண்டுக் கூரையும் உங்கள் தலையில் விழும். சாவி வாங்கும் நாளில் சீலிங், சுவர் மூலை, பின்கட்டு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார்த்தேன்" என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைக் கூப்பிட வேண்டும், நான் என்ன தயார் செய்ய வேண்டும்?

வாங்குவதாக இருந்தால் விலையை முடிப்பதற்கு முன் கட்டட ஆய்வாளரோ பதிவுபெற்ற பொறியாளரோ வந்து எழுத்தில் அறிக்கை தரட்டும். கூரைக்காரர் வேலை கிடைக்கும் ஆசையில் எல்லாம் மாற்ற வேண்டும் என்பார், விற்பவர் எதுவும் வேண்டாம் என்பார். இரண்டிலும் சேராத ஒருவர் வேண்டும். அவர் வரும் நாளில் மாடிச் சாவி, சீலிங் திறப்பு, மின்மானி அறை மூன்றும் திறந்திருக்கட்டும். கையில் நல்ல டார்ச், கத்தி, பழைய ரசீதுகள். பெரிய மழை பெய்த மறுநாள் காலையாகப் பாருங்கள். ஈரம் காய்வதற்குள் கூரை தானாகவே பாதி இடங்களைக் காட்டிவிடும்.